அகராதியார் போட்ட வார்த்தை

நீதிமன்றத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அகராதியார் என்றால்தான் தெரியும். முப்பத்தொரு வருடமாக மொழிபெயர்ப்பாளர் வேலை. தமிழில் அழுகிறவர்களை ஆங்கிலத்தில் அழ வைப்பதும், ஆங்கிலத்தில் திட்டுகிற நீதிபதியைத் தமிழில் திட்ட வைப்பதும்தான் பிழைப்பு. எதைக் கேட்டாலும் முதலில் அர்த்தம் சொல்வார், பிறகுதான் பதில் சொல்வார். டீ சூடாக இருக்கிறதா என்று கேட்டால், சூட்டுக்கும் வெதுவெதுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும். 'அகராதி பிடிச்ச மனுஷன்' என்று ஒரு வக்கீல் எரிச்சலில் வைத்த பெயர், போகப் போக மரியாதை சேர்ந்து அகராதியார் ஆகிவிட்டது.

சொல்லுக்கு அர்த்தம் சொல்வதில்தான் புலி. மற்றதிலெல்லாம் பூனை, அதுவும் மழையில் நனைந்த பூனை. நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போவார். மின்னினால் கைபேசியை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைப்பார். தினமும் போலீஸ்காரர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான், ஆனாலும் தெருவில் ஒரு போலீஸ்காரர் எதிரே வந்தால் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும், உள்ளே ஏதாவது தப்பான பொருள் இருக்கிறதோ என்று. "இவரு தன் நிழலுக்கே ஒதுங்கி வழி விடுறவரு" என்பார் அவர் மனைவி.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் பட்டப்பகலில், உடைந்து கிடந்த கடைக்குள் புகுந்து, கேட்க ஆளில்லாமல் பொருளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஊரில் கலவரம் நடந்தது மூன்று நாள். யார் ஆரம்பித்தார்கள், எதற்கு ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அதை விடுங்கள். இரண்டாம் நாள் காலையில் அகராதியார் வீட்டுத் தெருமுனையில் லாரி டயர்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். கறுப்புப் புகை தெருவுக்குள் குபுகுபுவென்று வந்தது. ஜன்னலை மூடி, இடுக்கில் ஈரத்துணியைச் செருகியும் பயனில்லை. அவர் மனைவிக்கு இருபது வருட ஆஸ்துமா. பதினோரு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினார், வெறும் காற்றுதான் வந்தது. ஆம்புலன்ஸ் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. உதடு நீலம் பாரித்து, கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வருவதைப் பார்த்ததும் அகராதியாரின் கால் தன்போக்கில் செருப்பைத் தேடியது.

தெருவின் கடைசியில் மருந்துக்கடை. அதன் இரும்பு ஷட்டரை யாரோ நெம்பிப் பாதி தூக்கியிருந்தார்கள். குனிந்து உள்ளே போனார். இருட்டு. காலடியில் கண்ணாடி நொறுங்கியது. உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவன் ஷாம்பு பாட்டில்களை அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டிருந்தான். இன்னொருவன் ஸ்டூல் போட்டு ஏறி, ஊரே எரிகிறபோது, நிதானமாக மின்விசிறியின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தான். கவுண்டரில் ஆள் இல்லை. காசை நீட்டலாம் என்றால் வாங்குவதற்கு ஒரு கை வேண்டாமா? அகராதியார் கவுண்டருக்குப் பின்னால் போய், கண்ணாடி அலமாரியிலிருந்து நீல நிற இன்ஹேலர் பெட்டிகள் இரண்டை எடுத்துக்கொண்டார். எடுத்த கை அவருடையது மாதிரியே இல்லை.

அப்போது பக்கத்தில் ஒரு பெண் கேட்டாள். "ஐயா, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

முப்பது வயதிருக்கும். லாட்ஜில் அறை பெருக்குகிறவர்கள் போடுகிற பச்சைக் கோட்டு போட்டிருந்தாள். கையில் ஒரு பால்பவுடர் டின். "இது கைக்குழந்தைக்கு ஆகுமா? எனக்குப் பால் வத்திப் போச்சு. பொண்ணுக்கு அஞ்சு மாசம்."

அகராதியார் டின்னை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தார். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, இருந்தாலும் பழக்கம் போகுமா? "இன்ஃபன்ட்னு போட்டிருக்கு. அப்படின்னா கைக்குழந்தை. ஆறு மாசத்துக்குக் கீழ உள்ளதுக்கு. ஒரு கரண்டிக்கு முப்பது மில்லி தண்ணி. கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணி."

"நல்லா இருப்பீங்கய்யா" என்று வாங்கிக்கொண்டு போனாள். ஒரே ஒரு டின். திரும்பும்போதுதான் அகராதியார் மேலே பார்த்தார். கூரை மூலையில் ஒரு கேமரா. அதில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மனைவி பிழைத்துக்கொண்டார். அகராதியாருக்குத்தான் அன்றிலிருந்து மூச்சு முட்டியது. அன்று போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையை முதலில் துவைத்தார். பிறகு அது போதாது என்று பீரோவின் அடித்தட்டில், போர்வைக்குக் கீழே திணித்தார். வாசலில் பைக் நின்றால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். மருந்துக்கடைக்காரரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை தெருமுனை வரை போனார். கடை வாசலில் போலீஸ் நின்றது. இரண்டு முறையும் நேராக நடந்து, அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது சும்மாவா?

ஊரடங்கு தளர்ந்ததும் நீதிமன்றத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கில் பிடித்து வைத்திருக்கிறார்கள், வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் ஆக்க வேண்டும், உடனே வரவும். 'உடனே வரவும்' என்ற இரண்டு சொல்லைப் படித்ததும் தன்னையே பிடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அகராதியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி தாளை வாங்கி முழுதும் படித்து, "வேலைக்குத்தான்" என்ற பிறகுதான் எழுந்தார்.

நீதிமன்றத்துக்குப் பின்னால் பழைய பதிவேடுகள் வைக்கிற நீள அறை. அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் இரண்டு மேஜை போட்டிருந்தார்கள். ஒன்றில் அகராதியார். மற்றதில் கம்ப்யூட்டரோடு டைப்பிஸ்ட் அம்மா. பத்து வருடமாக அவரோடு வேலை செய்கிறவர், கை வேகமானவர், வாய் அதைவிட வேகமானது. சுவரில் புதிதாக ஓர் உத்தரவு ஒட்டியிருந்தது. கலவர நாட்களில் திருடியவனுக்கு வழக்கம்போல் சில மாதம். ஆங்கிலத்தில் 'லூட்', அதாவது கொள்ளை, என்ற குற்றம் செய்தவனுக்குப் பத்து வருடம், ஜாமீன் கிடையாது.

வேலையின் முறை இப்படி. ஆட்களை ஒவ்வொருவராகக் கூட்டி வருவார்கள். அவர்கள் தமிழில் சொல்வதை அகராதியார் ஆங்கிலத்தில் சொல்ல, டைப்பிஸ்ட் அம்மா அடிப்பார். கடைசியில் அதை அகராதியார் திரும்பத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்று சொன்னால் கையெழுத்தோ ரேகையோ வாங்கி, 'அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டி விளக்கினேன்' என்ற வரிக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் அந்த வரிக்குக் கீழே பொய்யாக ஒரு கையெழுத்துப் போட்டவரில்லை அவர். அது ஒன்றுதான் அவருக்கு இருந்த கர்வம்.

முதல் நாளே தலைமை எழுத்தர் ஒரு பத்தியை அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கூட்டத்தோடு சேர்ந்து, இன்ன கடைக்குள் புகுந்து, இன்ன பொருளை 'லூட்' செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். பெயர், வயது, கடை, பொருள், இந்த நாலு இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

அகராதியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சார், இவங்க எல்லாரும் அப்படிச் சொல்லலையே. லூட்னா வந்து..."

"உங்க அர்த்தத்தை வீட்டுல வெச்சுட்டு வாங்க அகராதியாரே" என்றார் தலைமை எழுத்தர். "ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு பேர் முடியணும். ஒவ்வொருத்தனுக்கும் உக்காந்து ராமாயணம் படிச்சுக்கிட்டிருந்தா எப்ப முடியுறது? ரேகையை வாங்குங்க, அனுப்புங்க."

வேறு சமயமாக இருந்தால் அகராதியார் மேலும் இரண்டு வார்த்தை வாதாடியிருப்பார். நாய்க்குப் பயந்தாலும் தப்பான சொல்லுக்குப் பயப்படுகிறவரில்லை. ஆனால் இப்போது? 'இந்த வார்த்தையில் உமக்கு என்னய்யா இவ்வளவு அக்கறை' என்று ஒருவன் கேட்டால் போதுமே. வாயை மூடிக்கொண்டார்.

தினமும் காலை ஒன்பதரைக்கு ஒரு காவலர் பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போடுவார். கடைக் கேமராக்களில் பதிந்த படங்கள். அவற்றை அந்தந்த வாக்குமூலத்தோடு சேர்த்து, 'சிவப்புச் சட்டைக்காரர் கையில் பெட்டி' என்பது மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுவதும் அகராதியார் வேலைதான். உறையைப் பிரிக்கும்போது விரல் வியர்த்து, காகிதத்தில் ஈரம் படியும். செருப்புக்கடை, துணிக்கடை, செல்போன் கடை. மருந்துக்கடை இல்லை. அப்பாடா என்று மூச்சு விடுவார். ஆனால் நாளைக்கும் ஒன்பதரை வருமே?

நாலு நாளில் ஐம்பத்தொரு பேர் முடிந்தார்கள். ஐம்பத்தொன்றுக்கும் 'லூட்' போட்டாயிற்று. ஒருவருக்கும் படித்துக் காட்டவில்லை. ஐம்பத்தொன்றுக்கும் கீழே அகராதியாரின் கையெழுத்து இருந்தது.

ஐந்தாம் நாள் உறையில் மருந்துக்கடை வந்தது.

மூன்று படங்கள். ஒன்றில் ஷாம்புக்காரன். ஒன்றில் மின்விசிறிக்காரனின் கால் மட்டும். மூன்றாவதில் பச்சைக் கோட்டு போட்ட பெண், கையில் டின். அவளுக்குப் பின்னால் அலமாரிப் பக்கம் குனிந்திருக்கிற ஒரு முதுகு. கட்டம் போட்ட சட்டை. தலையை ஒரு விளம்பரப் பலகை மறைத்திருந்தது. அகராதியாருக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. டைப்பிஸ்ட் அம்மா எட்டிப் பார்த்து, "பின்னாடி நிக்கிற ஆளு பலே கில்லாடி சார், மூஞ்சியைக் காட்டாம நிக்கிறான் பாருங்க" என்றார். அகராதியார் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

பெண் காவலர் ஒருவர் அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்தார். அதே பச்சைக் கோட்டு. அன்றிலிருந்து மாற்றவில்லை போலிருந்தது. தலையைத் தூக்கினாள். அகராதியாரைப் பார்த்தாள். கண் விரிந்தது.

முடிந்தது கதை என்று அகராதியார் நினைத்தார். வேலை போயிற்று, பென்ஷன் போயிற்று, பத்து வருடம், மனைவிக்கு இன்ஹேலர் வாங்கிக் கொடுக்கக்கூட ஆளில்லை. ஒரு நொடியில் எல்லாம் ஓடியது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

பெயர், வயது, வேலை கேட்டார். சொன்னாள். என்ன நடந்தது என்று கேட்டார். "கடை திறந்து கிடந்துச்சு. ஒரு பால்பவுடர் டின்னு எடுத்தேன். கொழந்தைக்கு" என்றாள்.

அடுத்த கேள்வி தாளிலேயே அச்சாகியிருந்தது, தவிர்க்க முடியாது. தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கூட இருந்தது யார் யாருன்னு சொல்ல முடியுமா?"

பெண் காவலர் படத்தை அவள் முன்னால் நகர்த்தி, விரலால் அந்த முதுகைத் தட்டினார். "இவன் யாரு?"

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு நேராக அகராதியாரின் முகத்தைப் பார்த்தாள். "தெரியாதுங்க. இருட்டுல யாரு மூஞ்சியை யாரு பார்த்தா?"

அதை அகராதியார் ஆங்கிலத்தில் சொன்னார். டைப்பிஸ்ட் அம்மா அடித்தார். மற்ற நாலு இடத்தையும் மாற்றினார். 'லூட்' இருந்த இடத்திலேயே இருந்தது. தாள் வெளியே வந்தது.

"என்னங்கய்யா எழுதியிருக்கு?" என்று அவள் கேட்டாள். ஐம்பத்தொரு பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி.

அகராதியார் தாளைக் கையில் எடுத்தார். அந்த ஒரு சொல் மட்டும் கண்ணில் குத்தியது. வாசலில் தலைமை எழுத்தர் நின்றுகொண்டிருந்தார். "நீ சொன்னதுதாம்மா" என்றார்.

"அப்ப சரிங்க. உங்க படிப்பு எனக்குத் தெரியுமே." கட்டை விரலை மையில் ஒற்றி, காட்டிய இடத்தில் வைத்தாள். எழுந்து போகும்போது, "கொழந்தை நாத்தனார்கிட்ட இருக்கு. எப்ப விடுவாங்க?" என்று கேட்டாள். பெண் காவலர் நடத்திக் கொண்டுபோய்விட்டார்.

மறுநாள் விசாரணை தொடங்குவதால் அன்று அவளோடு நிறுத்திக்கொண்டார்கள். மாலை வீட்டில் அகராதியார் சாப்பிடவில்லை. மேஜையில் பெரிய அகராதியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அந்தப் பெண்ணைப் பற்றி அவரிடம் சொல்லியாயிற்று.

"இங்க பாரு" என்றார் அகராதியார். "லூட்னா போர்லயோ கலவரத்துலயோ, காவல் இல்லாத நேரம் பார்த்து, கும்பலா பூந்து, கிடைச்சதையெல்லாம் வாரிக்கிட்டுப் போறது. கொள்ளை. இந்திக்காரன் சொல்லு இது. வெள்ளைக்காரன் ஊர்ப் பொருளோட சேத்து இதையும் தூக்கிட்டுப் போயிட்டான்."

"நீங்க வாரலையே. ரெண்டுதானே எடுத்தீங்க."

"எத்தனை எடுத்தா லூட்டுன்னு இதுல போடல."

"போர்க்காலத்துல பெரிய பெரிய ராஜாவெல்லாம் எடுத்தானே, அதுக்கு என்ன பேரு?"

"அதுக்கும் இதுதான். ஆனா எடுத்தவன் பக்கத்துக் கதையில இந்த வார்த்தை வராது. வெற்றின்னு வரும், காணிக்கைன்னு வரும். பேப்பரைப் பாரு. வெள்ளத்துல கடைக்குள்ள போனவன் நமக்குத் தெரிஞ்சவனா இருந்தா, பசிக்கு எடுத்தான்னு எழுதுவான். தெரியாதவனா இருந்தா லூட்டு. எந்த அகராதியிலயும் இந்த உபயோகத்தைப் போடல, ஆனா எல்லாரும் இப்படித்தான் உபயோகிக்கிறான். நானும்தான்."

மனைவி அகராதியை மூடினார். "நீங்க வாயைத் திறக்காதீங்க. எனக்கு பயமா இருக்கு. இந்த வயசுல உங்களை உள்ள வெச்சா நான் என்ன பண்றது?" என்றார். தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்தப் பொண்ணு ஏங்க உங்களைக் காட்டிக் கொடுக்கல?"

அகராதியார் அகராதியை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். அந்த இரவு இருவரும் தூங்கவில்லை, ஒருவர் தூங்குவதாக மற்றவர் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பத்தரைக்கு விசாரணை. நீதிபதி வேறு பாஷைக்கார அம்மாள், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தமிழ் ஒரு சொல் தெரியாது. அந்த அறையில் கூண்டிலிருந்து நீதிபதிக்கும் நீதிபதியிடமிருந்து கூண்டுக்கும் போகிற எல்லாமே அகராதியாரின் வாய் வழியாகத்தான் போக வேண்டும். அவர் கூண்டுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஏழு பேர் மளமளவென்று போனார்கள். நீதிபதி தாளைப் புரட்டுவார், "படித்துக் காட்டப்பட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்பார், அகராதியார் தலையை ஆட்டுவார். ஜாமீன் இல்லை. அடுத்தவர்.

எட்டாவதாக அந்தப் பெண் வந்து நின்றாள். அகராதியார் தலையை ஆட்டத் தயாராக இருந்தார். நீதிபதி தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரே ஒரு டின் என்பது அவருக்கு விநோதமாகப் பட்டிருக்க வேண்டும். "இவளைக் கேளுங்கள். மற்றவர்களோடு சேர்ந்து ஏன் இந்த லூட்டில் இறங்கினாள்?"

ஐந்து நாளாகத் தாளில் ஆங்கிலத்தில் கிடந்த சொல்லை, இப்போது தமிழில், அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். வேறு வழியில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"ஏன் கொள்ளையடிச்சேன்னு அம்மா கேக்குறாங்க."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்தது. "கொள்ளையா? நான் எங்கய்யா கொள்ளையடிச்சேன்? பால் டின்னு ஒண்ணு எடுத்தேன். நீங்கதானேய்யா டின்னைப் படிச்சுச் சொன்னீங்க, ஆறு மாசத்துக்குக் கீழன்னு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலில் நின்ற காவலர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். தலைமை எழுத்தர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அம்மாவின் விரல் மட்டும் நின்றது. நீதிபதி கேட்டார். "என்ன சொல்கிறாள்?"

'டின் ஒன்றை எடுத்தேன் என்கிறாள்' என்று சொன்னால் முடிந்தது. அதில் பொய்கூட இல்லை. அகராதியாருக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. வாயைத் திறந்தார். கூண்டில் நிற்பவர் 'நான்' என்றால் 'நான்', 'நீங்கள்' என்றால் 'நீங்கள்', ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் அந்த வேலையின் விதி. முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் வாய் அதன் போக்கில் சொல்லிவிட்டது.

"நான் எங்கே கொள்ளையடித்தேன்? பால் டின் ஒன்று எடுத்தேன். நீங்கள்தானே அந்த டின்னைப் படித்துச் சொன்னீர்கள், ஆறு மாதத்துக்குக் கீழே என்று."

நீதிபதி புருவத்தைத் தூக்கினார். "நீங்கள் என்று யாரைச் சொல்கிறாள்? என்னையா?"

"இல்லை அம்மா" என்றார் அகராதியார். குரல் எலிக் குரலாக வந்தது. "என்னை."

நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று பயந்து, அகராதியார் மடமடவென்று கொட்டிவிட்டார். தானும் அதே கடையில் அதே நேரம் இருந்தது. இரண்டு இன்ஹேலர் எடுத்தது. படத்தில் இருக்கிற முதுகு யாருடையது என்பது. இந்தப் பெண் 'எடுத்தேன்' என்றுதான் சொன்னாள், 'லூட்' என்ற வார்த்தையைப் போட்டது தானே என்பது. இவளுக்கு மட்டுமல்ல, ஐம்பத்திரண்டு பேருக்கும் படித்துக் காட்டாமலே படித்துக் காட்டியதாகக் கையெழுத்துப் போட்டது. அவர்களில் சிலர் உண்மையிலேயே வாரிக்கொண்டு போனவர்கள்தான், ஆனால் யார் யார் என்று தாளைப் பார்த்தால் இனி யாருக்கும் தெரியாது என்பது.

தலைமை எழுத்தர் எழுந்து, "உடம்பு சரியில்லைங்க அம்மா அவருக்கு" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நீதிபதி கையைக் காட்டி உட்கார வைத்தார். அகராதியாரையே வெகுநேரம் பார்த்தார். பிறகு ஐம்பத்திரண்டு வாக்குமூலங்களையும் ஒதுக்கிவைத்து, வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு புதிதாக எழுதச் சொன்னார். அதுவரை அந்தப் பெண் காவலில் இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளரின் வாக்குமூலத்தை இப்போதே, இங்கேயே எழுதிக்கொள்ளவும்.

அந்தப் பெண்ணைக் கூண்டிலிருந்து இறக்கினார்கள். அகராதியாரைத் தாண்டிப் போகும்போது நின்றாள். "என்னய்யா சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று கேட்டாள். "நீ சொன்னதை" என்றார். இந்த முறை அது உண்மை. அவள் நம்பினாளா என்று தெரியவில்லை, பெண் காவலர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

பதிவேட்டு அறையில், ஐந்து நாளாக மற்றவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் அகராதியார் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. டைப்பிஸ்ட் அம்மாவின் கண் கலங்கியிருந்தது. பெயரை அடித்தார், வயதை அடித்தார். திரையில் அந்தப் பழைய பத்தி அப்படியே இருந்தது. கடையின் பெயரை மாற்றினார். பொருள் என்ற இடத்தில் இன்ஹேலர் இரண்டு என்று போட்டார். பிறகு கை நின்றது.

வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "சார், உங்களுக்கு இந்த வார்த்தை வேணாம் சார். மனைவிக்காக அவசரத்துக்கு எடுத்தேன்னு போட்டுடவா? யாரும் கேக்க மாட்டாங்க. நமக்குள்ளதானே."

அகராதியாருக்கு அந்த 'எடுத்தேன்' என்ற சொல்லைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல ஆசையாக இருந்தது. பத்து வருடம் என்று சுவரில் ஒட்டியிருந்த எழுத்து அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. மனைவி வீட்டில் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அந்தப் பொண்ணோட தாள்ல இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"அது இன்னும் மாத்தல சார். புது ஆள் வந்து எழுதுற வரைக்கும் பழசுதான். லூட்டுன்னுதான் இருக்கு."

"அப்ப எனக்கும் அதையே போடுங்கம்மா" என்றார் அகராதியார். "அவளுக்கு மாத்துற அன்னைக்கு எனக்கும் மாத்துங்க."

டைப்பிஸ்ட் அம்மா தாளை அச்செடுக்கக் கொடுத்தார். அகராதியார் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டு, அது வெளியே வருவதற்குக் காத்திருந்தார்.